சேர்மன் ஓட்டின பியட்

"திருட்டு வண்டியா? வாய் கூசலையா சேர்மனய்யா? உங்க மாட்டுக் கொட்டாயில கோழி அடைகாத்துக்கிட்டு கெடந்த பியட் காரை, 'அள்ளிட்டுப் போங்க, எடம் அடைக்குது'ன்னு நீங்கதானே குடுத்தீங்க?"

பாலிடெக்னிக்ல படிக்கிற இளவேனி வாசல்லயே மல்லுக்கு நின்னா. அவளும் அப்பாவும் வீட்டுலயே துரு சுரண்டி, இன்ஜினைப் பிரிச்சுக் கோத்து, வண்டியைப் பளபளன்னு ஆக்கியிருந்தாங்க. விக்கலாமா வேணாமான்னு யோசிக்கிற நேரத்துல சேர்மன், 'நான் தினமும் ஓட்டின வண்டியைத் திருடிட்டாங்க'ன்னு தெருவையே கூட்டிட்டு வந்துட்டார்.

"என்னது, நீங்க தினமும் ஆசையா ஓட்டின வண்டியா? அப்ப சாவியைப் பிடிங்க. தெருமுனை வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க, வண்டி உங்களுது."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

சேர்மன் மிடுக்கா ஏறி ஸ்டார்ட் பண்ணார். இடது கை கீழே போய்க் கியரைத் தேடுச்சு. சீட்டோரம், காலடின்னு துழாவியும் ஒண்ணும் சிக்கல. அந்தக் காலத்துப் பியட்டுக்குக் கியர் ஸ்டீயரிங்கை ஒட்டியில்ல இருக்கும். தெருவே கொல்லுன்னு சிரிச்சுது.

"விக்க வேணாம்ப்பா"ன்னா இளவேனி. அப்பா நிம்மதியா தலையாட்டினார்.

அவ கார் ஜன்னல்கிட்ட குனிஞ்சா. "எறங்குறதுக்கு முன்னாடி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்கய்யா. தினமும் எதைப் புடிச்சுக் கியர் போட்டீங்க?"