பாழுங்கிணற்றுக்குக் கொழுத்த எழுத்து

புளியடிக்குளத்து ஊர்க் கமிட்டியில் மூன்று பேர். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று கேட்காதீர்கள்; கூட்டத்துக்கு வரும்போது அதைக் கொண்டுவருகிற வழக்கம் அவர்களுக்கு இல்லை.

கோயிலுக்குப் பின்னால் ஒரு பாழுங்கிணறு. சுற்றி முழங்கால் உயரத்துக்குச் சுவர். பக்கத்து வீட்டு ரெஜினாவின் மகன் செல்வின் அந்த வாரம்தான் நடக்கத் தொடங்கியிருந்தான்.

"அண்ணாச்சி, கிணத்துக்கு ஒரு மூடி போட்டுத் தாங்க. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது" என்று தலைவர் சந்தியாகுவிடம் போய் நின்றாள்.

மூடி போடப் பலகை வந்தது. கூட்டம் கூடியது.

"மூடி போட்டா கிணறு மறைஞ்சு போகும். கண்ணுக்கே தெரியாத கிணத்தைப் பாத்துப் பிள்ளைங்க எப்படிவே பயப்படும்?" என்றார் இஞ்ஞாசி.

"அதானே! பலகையில 'ஆபத்து'ன்னு போட்டு நட்டுருவோம்" என்றார் லாரன்ஸ்.

"அவனுக்கு ஒண்ணேகால் வயசு அண்ணாச்சி! வாசிக்கத் தெரியாதே!" என்றாள் ரெஜினா.

சந்தியாகு சிரித்தார். "சின்ன எழுத்துதாம்மா பிள்ளைங்களுக்குக் கஷ்டம். பெருசாப் போட்டா வாசிச்சிரும்."

டவுனில் ஸ்டிக்கர் கடை ஹெலன் கம்ப்யூட்டரில் ஓர் எழுத்து வகையைக் காட்டினாள். பெயர் கொழுக்கட்டை. ஒவ்வொரு எழுத்தும் கல்யாண வீட்டில் மூன்று பந்தி சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. 'ஆ'வுக்குத் தொப்பை தரையைத் தொட்டது.

"இது பலகாரக் கடைக்கும் பால்வாடிச் சுவருக்கும் போடுறது சார். ஒரு வார்த்தைக்கு மேல தாங்காது. சுத்தி நல்லா இடம் விடணும். இதைக் கண்டா பிள்ளைங்க ஓடி வரும். ஆபத்துன்னு எழுத விறைப்பா வேற எழுத்து இருக்கு."

"ஓடி வருமா? அப்ப இதேதான். கிட்ட வந்தாத்தானே வாசிக்கும்!" என்றார் லாரன்ஸ்.

மாம்பழ மஞ்சளில் ஆபத்து வந்து இறங்கியது. சுவருக்கு உள்ளே கிணற்றோரம் நட்டுப் பார்த்தால், எழுத்துகளின் பாதி வயிற்றைக் கிணற்றுச் சுவர் மறைத்தது.

"சுத்தி இடம் விடச் சொன்னாளேவே" என்றார் இஞ்ஞாசி.

கடப்பாரை கொண்டுவந்து சுவரை இடித்தார்கள். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கிணறும்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் திரண்டு வந்து 'ப'வின் வயிற்றைத் தட்டினார்கள். இஞ்ஞாசி பூரித்துப் போனார். "பாத்தீரா, எப்படி வாசிக்குதுங்க!"

அவர்களுக்குப் பின்னால் செல்வினும் தள்ளாடித் தள்ளாடி வந்தான், நேரே பள்ளத்தை நோக்கி.

ரெஜினா குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். விளிம்பில் அவன் சட்டையைப் பிடித்து இடுப்பில் தூக்கி வைத்தாள். வந்த ஆத்திரத்தில் பலகையை ஓங்கி ஓர் உதை விட்டாள். அது சாய்ந்து, கிணற்று வாயை அப்படியே மூடிக்கொண்டு விழுந்தது.

கமிட்டி பதறிப் போனது, எழுத்துக்காக.

"ஐயையோ, மல்லாந்து கிடக்கே! இனி காக்காதான் வாசிக்கும்!"

"எவராவது இதை நிமித்தி வச்சுப் பாருங்க, அவரை உள்ள இறக்கிட்டுத்தான் மறுவேலை!" என்றாள் ரெஜினா.

ஒரு மணி நேரம் கூடிப் பேசிவிட்டு வந்தார்கள்.

"நிமித்தல தாயி. எழுத்து கீழ பாக்கிற மாதிரி புரட்டி மட்டும் போட்டுக்கிடுதோம்" என்றார் சந்தியாகு. "உள்ள விழுந்தவன் அண்ணாந்து பாப்பாம்லா? அப்ப வாசிச்சுக்கிடட்டும். அவனுக்கு வேற என்ன சோலி?"

புரட்டிப் போட்டார்கள். இஞ்ஞாசிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "உள்ள இருட்டா இருக்குமேவே?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: கிணற்றில் விழுகிறவர்கள் இனிமேல் கையோடு டார்ச் லைட் கொண்டுவர வேண்டும்.