கண்டக்டர் குத்தாலிங்கத்தின் பாட்டு

தென்காசியில் ஒரு மாவு மில்லின் மாடியில் சௌந்தரவல்லி அம்மா இருந்தார். வயது நாற்பத்தைந்துதான். ஆனால் அறுபது தாண்டியவர்களும் அவரைக் குருவாக நினைத்து, அவர் முன்னால் உட்கார்ந்து, "அம்மா, ஒரு சந்தேகம்" என்பார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் குத்தாலிங்கம் அவர்களில் ஒருவர்.

அன்றைக்கு அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன அண்ணாச்சி, சாப்பிடலையா?"

"சாப்பிட்டேம்மா. மனசுதான் சரியில்லை."

விஷயம் இதுதான். பஸ்ஸில் பிள்ளைகள் வீல் வீலென்று அழும்போது அமர்த்துவதற்கென்றே அவர் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். 'பாவூர்சத்திரத்துல பச்சைக்கிளி ஏறிச்சாம், டிக்கெட் எங்கேன்னு கேட்டா றெக்கையைக் காட்டிச்சாம்' என்று ஆரம்பிக்கும். அழுகிற பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு கேட்கும். தாய்மார்கள் அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு இறங்கிப் போவார்கள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஆல்வின் என்று ஒரு பாடகர் அதை அப்படியே பாடி, இயற்றியவர் என்று தன் பெயரைப் போட்டு, யூடியூபில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து ஊரெல்லாம் அதைப் போட்டுத்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறது.

"அதுகூடக் கிடக்கட்டும்மா. நேத்து என் பேத்தி கேக்கா, 'தாத்தா, இதை நீ போன்ல பார்த்தா படிச்சே?'ன்னு."

சொல்லும்போதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுஷருக்கு அவ்வளவு வருத்தம்.

"பதிப்புரிமைன்னு ஒண்ணு இருக்காம். பாட்டைப் பதிவு பண்ணலாங்காங்க. பண்ணவாம்மா?"

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சங்கரவடிவு சும்மா இருப்பாளா? அவளும் அம்மாவிடம் வருகிறவள்தான். "நான், எனதுங்கிறதை விடத்தானே இங்க வாறோம். நீங்க அதை கவர்மெண்ட்டுல பதிஞ்சு வைக்கப் போறீங்களாக்கும்" என்றாள்.

குத்தாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பயம் அவருக்கே இருந்தது.

அம்மா எழுந்து செருப்பைத் தேடினார். "வாங்க அண்ணாச்சி. பிரௌசிங் சென்டர்ல மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூட்டிருவாங்க."

கடையில் இருந்த பெண், விவரங்களை முதலில் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். குத்தாலிங்கம் பாட்டின் பெயரை எழுதினார், மொழியை எழுதினார். இயற்றியவர் பெயர் என்ற இடம் வந்ததும் கண்ணை மூடித் திறந்து, பக்தியோடு எழுதினார். அம்மா எட்டிப் பார்த்தார்.

"இது யாரு பேரு?"

"உங்க பேருதாம்மா. எல்லாம் நீங்க போட்ட பிச்சை."

"பாட்டு எந்த வருஷம் கட்டினது?"

"தொண்ணூத்தெட்டு."

"என்னைப் பார்த்தது?"

குத்தாலிங்கம் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டாயிரத்துப் பதினாலு."

"அந்த பஸ்ல நான் வந்தேனா?"

"இல்லைம்மா."

"கட்டாதவர் பேரைப் போட்டுட்டாங்கன்னுதானே அழுதுட்டு வந்தீங்க. இப்ப நீங்க என்ன பண்ணியிருக்கீங்க?"

குத்தாலிங்கம் வேறு தாள் கேட்டு வாங்கினார். தன் பெயரை எழுத்து எழுத்தாக நிறுத்தி நிதானமாக எழுதினார். எத்தனையோ தடவை எழுதின பெயர்தான்.

"இன்னொண்ணு இருக்கு ஐயா" என்றாள் கடைப் பெண். "பாட்டு தன்னோடதுன்னு சொல்ற ஆள் யாராவது இருந்தா, அவருக்கும் நீங்க தகவல் அனுப்பணும். முப்பது நாள் பார்ப்பாங்க. அதுக்குள்ள அவர் மறுத்தா விசாரணை நடக்கும்."

"அவனுக்கு நானே போய்ச் சொல்லணுமா?"

"சொல்லுங்க" என்றார் அம்மா. "மரியாதையா எழுதுங்க."

கடிதம் போனது. அதற்கப்புறம் குத்தாலிங்கம் தினமும் வந்து புலம்பினார். "மறுத்துட்டா என்னம்மா செய்ய? அவன்கிட்ட வீடியோ இருக்கு, தேதி இருக்கு. என்கிட்ட என்ன இருக்கு?"

அம்மா அவர் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டார்.

இருபத்துமூன்றாம் நாள் ஒரு இளைஞர் மாடிப்படி ஏறி வந்தார். கையில் அந்தக் கடிதம்.

"குத்தாலிங்கம் ஐயா வீட்டுக்குப் போனேன். இங்க இருப்பார்னாங்க. நான் ஆல்வின்."

"நான்தான் குத்தாலிங்கம்."

"எங்க அக்கா பாடிக் கேட்ட பாட்டு ஐயா. யாரு கட்டினதுன்னு அவளுக்கும் தெரியலை. கேக்க ஆளில்லைன்னு என் பேரைப் போட்டுக்கிட்டேன். தப்புத்தான். நான் மறுத்து எதுவும் எழுதப் போறதில்லை. உங்க பேரைப் போட்டுருதேன். வீடியோவையே எடுக்கச் சொன்னாலும் எடுத்துருதேன்." கொஞ்சம் தயங்கினார். "பாட விட்டீங்கன்னா நல்லாருக்கும்."

குத்தாலிங்கம் அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே மில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாடு தம்பி" என்றார் குத்தாலிங்கம். "ஆனா மூணாவது வரியை ஏன் அந்த இழுப்பு இழுக்கே? பஸ்ல அப்படி இழுத்தா அடுத்த ஸ்டாப் வந்துரும்."

அங்கேயே பாடிக் காட்டினார். ஆல்வின் கூடப் பாடினார். நாலாவது தடவை சங்கரவடிவும் சேர்ந்துகொண்டாள். ஆல்வின் கிளம்பும்போது, பாட அனுமதி தந்ததாக ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பினார் குத்தாலிங்கம்.

திரும்பி வந்து உட்கார்ந்தவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"ஒண்ணு புரியலைம்மா. ரெண்டு வருஷமா அவன் பாடிக்கிட்டுத்தான் இருந்தான். நாளைக்கும் அதையேதான் பாடப் போறான். பாட்டும் மாறலை, ஆளும் மாறலை. எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷமா இருக்கு?"

"இத்தனை நாளும் அவர் எடுத்துக்கிட்டாரு அண்ணாச்சி" என்றார் அம்மா. "இன்னைக்குத்தான் நீங்க குடுத்தீங்க."