சிம்மாசனம் மாட்டுக்கொட்டகைக்குப் போன கதை

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைக் கனகசேகரன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் எழுந்ததும் மனதில் என்ன தோன்றுகிறதோ அதுதான் அன்றைக்குச் சட்டம். ஒருநாள், அரண்மனையில் எல்லோரும் பாட்டாகத்தான் பேச வேண்டும் என்றார். உப்பு தீர்ந்துபோனதைச் சமையல்காரர் பாடி முடிப்பதற்குள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

அந்த ஊரில் பூவாத்தாள் என்று ஒருத்தி. அப்பளம் இட்டு விற்றுப் பிழைப்பவள். அப்பளம் அடுக்க ஈரமில்லாத இடம் வேண்டுமே என்று கூரையைப் பிரித்துவிட்டு மச்சுத்தளம் போடச் சொன்னாள். வேலையை எடுத்தவர் வீரபாகு மேஸ்திரி. சுண்ணாம்பு, செங்கல் ஜல்லி, கடுக்காய்ச் சாறு, கருப்பட்டி எல்லாம் சேர்த்து இடித்துப் போட வேண்டிய காரை அது. மேஸ்திரி சுண்ணாம்பைக் குறைத்தார், மண்ணைக் கூட்டினார். கருப்பட்டி மொத்தமும் அவர் வீட்டுப் பணியாரத்துக்குப் போய்விட்டது.

முதல் மழையிலேயே தளம் ஒழுகியது. அப்பளமெல்லாம் துவைத்த துணி மாதிரி தொங்கியது. பூவாத்தாள் ஓடிப்போய்க் கேட்டாள்.

"புதுத் தளம், அம்மா. கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும்" என்றார் மேஸ்திரி.

"வியர்வை என் அண்டாவை நிரப்பிவிட்டதே, மேஸ்திரி."

"நல்ல ஆரோக்கியமான தளம்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பூவாத்தாள் ஒரு நனைந்த அப்பளத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு அரசவைக்குப் போனாள். அங்கே ராஜாவுக்கு ஆலோசகராக இருந்தவர் பரிமளரங்கர். மேஸ்திரிக்கு வேண்டியவர். அமைச்சர் நல்லசிவத்தைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும்.

வரவழைக்கப்பட்ட மேஸ்திரி கைகட்டிச் சொன்னார்: "மகாராஜா, தளத்தில் ஒரு குறையும் இல்லை. மழைதான் அளவு தெரியாமல் பெய்துவிட்டது. குற்றம் மழையுடையது."

ராஜா யோசித்தார். "இரண்டு தரப்பையும் கேட்காமல் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. மழையை அழைத்து வாருங்கள்."

பரிமளரங்கருக்கு வாயெல்லாம் பல். "அருமையான உத்தரவு, மகாராஜா. அந்தப் பொறுப்பை அமைச்சரிடமே கொடுக்கலாம். அவரால் முடியாவிட்டால் பதவியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

நல்லசிவம் நிதானமாக எழுந்தார். "அழைக்கிறேன், மகாராஜா. ஆனால் மழை இந்த மண்டபத்துக்குள் வராது. இங்கே தளம் உறுதியாக இருக்கிறது. ஊரில் மழை உள்ளே வந்து உட்கார்ந்து பேசக்கூடிய வீடு பூவாத்தாள் வீடு ஒன்றுதான். சபையை அங்கே கூட்டுவோம்."

ஐப்பசி மாதம், சாயங்காலமானால் மேகம் திரண்டுவிடும். அன்று மாலையே சிம்மாசனத்தைத் தூக்கிக்கொண்டு சபை கிளம்பியது. ராஜாவுக்கு ஒரே குஷி. விருந்தாளியாகப் போய் வெகுநாளாகிவிட்டதாம்.

வீட்டை அடைந்ததும் அமைச்சர் சொன்னார்: "மேஸ்திரி, கட்டியவருக்குத்தான் வீட்டின் வாகு தெரியும். சிம்மாசனத்தை எங்கே போடலாம் என்று நீங்களே சொல்லுங்கள். ராஜாவின் தலையில் ஒரு சொட்டு விழுந்தாலும் பொறுப்பு உங்களுடையது."

மேஸ்திரி நடுக்கூடத்தைக் காட்டினார். ஆட்கள் சிம்மாசனத்தை இறக்கினார்கள். மேஸ்திரி தலையைத் தூக்கித் தளத்தைப் பார்த்தார். "இங்கே வேண்டாம், புழுக்கமாக இருக்கும்."

சுவரோரம் போட்டார்கள். மறுபடி மேலே பார்த்தார். "இங்கே வெளிச்சம் போதாது."

அடுப்படிக்குத் தூக்கினார்கள். "புகை வாடை" என்றார். தூக்குகிற ஆட்களுக்கு இடுப்பு கழன்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து வானம் உறுமியது. மேஸ்திரி அவசரமாகக் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். "பின்பக்கம் விசாலமாக இருக்கிறது, மகாராஜா."

கடைசியில் கொன்றைநாட்டு மன்னர் கீற்று வேய்ந்த மாட்டுக்கொட்டகையில் அமர்ந்தார். பக்கத்தில் நின்ற எருமை அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தை மென்று பார்த்தது.

"மேஸ்திரி, நான் ஏன் எருமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்?"

"நல்ல காற்றோட்டம், மகாராஜா."

அமைச்சர் கேட்டார், "பூவாத்தாள், இந்தக் கொட்டகையும் மேஸ்திரி போட்டதா?"

"இல்லீங்க சாமி. நானும் என் வீட்டுக்காரரும் வேய்ந்தது."

ராஜா கீற்றைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். அவருக்கு மெல்லப் புரியத் தொடங்கியது.

பரிமளரங்கருக்குப் பொறுக்கவில்லை. "மேஸ்திரி பயந்த சுபாவம், மகாராஜா. அந்தத் தளம் பாறை மாதிரி. நான் போய் அதன் கீழே உட்கார்ந்து காட்டுகிறேன்" என்று நடுக்கூடத்தில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. பரிமளரங்கரின் வெள்ளை அங்கியில் செம்மண் நிறத்தில் ஒரு சொட்டு விழுந்தது. "சும்மா வியர்வைதான்" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். பிறகு தாரையாகக் கொட்டியது. கடைசியில் ஒரு பாளம் சேறு பெயர்ந்து அவருடைய தலைப்பாகையில் பொத்தென்று உட்கார்ந்தது. அவர் தடுமாறி வெளியே வந்தபோது காவலாளி ஈட்டியை நீட்டி, "யாரப்பா நீ?" என்று கேட்டான்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மழை வந்தது. சாட்சியும் சொல்லிவிட்டது."

மேஸ்திரி காலில் விழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், கருப்பட்டி உட்பட.

"பணியாரமாவது நன்றாக வந்ததா, மேஸ்திரி?" என்று கேட்டாள் பூவாத்தாள்.

"நன்றாக வந்தது, அம்மா" என்றார் அவர், பொய் சொல்லத் தெம்பில்லாமல்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நல்லசிவத்தின் கழுத்தில் போட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். மேஸ்திரி தன் செலவில் தளத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். காரைச் சட்டியைப் பரிமளரங்கர் சுமக்க வேண்டும். வேலை முடியும்வரை அப்பளக் கடை பரிமளரங்கர் மாளிகையின் கூடத்தில் நடக்கும்.

பரிமளரங்கர் முதலில் முனகிக்கொண்டு சுமந்தார். போகப்போக, "இந்தக் கலவை போதாது, இன்னும் இடி" என்று மேஸ்திரியையே அதட்ட ஆரம்பித்தார். தளம் முடிந்தது. அடுத்த பெருமழையில் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை.

ராஜாவுக்குத்தான் நிம்மதி போயிற்று. அதற்குப் பிறகு சபையில் போர் பற்றிப் பேசினாலும், இளவரசி கல்யாணம் பற்றிப் பேசினாலும், பரிமளரங்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து, "நான் காரைச் சட்டி சுமந்த நாளில்..." என்று தொடங்கிவிடுவாராம். சபை கலைய இருட்டிவிடுமாம்.