பிரேக் லைட்டைக் கண்ணால் பார்த்த கதை

அசமந்தூருக்கு எப்படிப் போவது என்று வழி தெரிந்தவர்களிடம் கேட்காதீர்கள். வழி தப்பியவர்கள்தான் தினமும் அங்கே போய்ச் சேருகிறார்கள். அந்த ஊரில் திருமேனி என்று ஒருவர் இருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள். மாமனாரின் மெத்தைக் கடையில் இலவம் பஞ்சு அடைப்பது அவர் வேலை. பஞ்சு மூக்கில் ஏறினால் அவருக்குத் தும்மல் வரும். மெத்தைக்குள் போன பஞ்சைவிட அவர் தும்மித் தெருவுக்கு அனுப்பிய பஞ்சுதான் அதிகம். எப்படியாவது அந்தக் கடையிலிருந்து தப்பிவிட வேண்டும் என்பதுதான் பாவம், அந்த மனிதரின் ஒரே ஆசை.

அதற்காகக் கூட்டாளிகள் கச்சியப்பனையும் சூசையையும் இழுத்துக்கொண்டு, டவுனில் வண்டி எலக்ட்ரிக் வேலை கற்றுக்கொள்ளப் போனார். ரெஜினா டீச்சர் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தார். மூன்று மண்டைகளிலும் சேர்த்துத் தங்கியது இரண்டே விஷயம். ஒயரில் கை வைப்பதற்கு முன்னால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். அடுத்தவன் பேச்சை நம்பி எதையும் சரி என்று சொல்லக் கூடாது, சோதிக்கிறவன் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும். இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும் என்று ஊருக்கு வந்து கடை போட்டுவிட்டார்கள்.

முதல் வண்டி அமலோற்பவத்துடையது. பள்ளிக்கூட வேன் மூன்று வைத்திருக்கிற பெண்மணி. வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியை ஆய்வாளரிடம் கொண்டுபோய், ரோட்டில் ஓட இதற்குத் தகுதி உண்டு என்று எஃப்.சி. வாங்க வேண்டும் அல்லவா, அதற்காகக் கொண்டு வந்திருந்தார்.

“லைட்டு, ஹாரன் எல்லாத்தையும் பாத்து, நாளைக்கு நீங்களே கொண்டுபோய் எஃப்.சி. காட்டிட்டு வாங்க. தேறிட்டுன்னா மூணு வண்டி வேலையும் உங்களுக்குத்தான். தேறலன்னா உங்க மாமனார்ட்ட நானே வந்து பேசுதேன். திருமேனி மறுபடி மெத்தைக் கடைக்கே வரட்டும்னு சொல்லிருதேன்.”

திருமேனிக்கு அப்போதே மூக்கு அரிக்கத் தொடங்கியது.

மூவரும் வேலையில் இறங்கினார்கள். விதி விதிதான், முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிப் பத்திரமாக ஓரம் வைத்தார்கள். பிறகு ஹாரனை அழுத்தினார்கள், சத்தம் இல்லை. ஹெட்லைட்டைப் போட்டார்கள், வெளிச்சம் இல்லை. வைப்பர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. சூசை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எல்லாம் ஒண்ணா போயிருக்கு. நேத்து வரைக்கும் நல்லா ஓடுன வண்டி.”

“ஒவ்வொண்ணா போனா ரிப்பேரு. மொத்தமா போனா அது அசதி,” என்றார் கச்சியப்பன். “பிள்ளைகளச் சுமந்து சுமந்து களைச்சிருக்கு. சாப்புட்டு வருவோம், அதுவும் கொஞ்சம் படுக்கட்டும்.”

வேலை நிற்கும்போதும் பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லவில்லை. அதனால் மறக்காமல் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்து சூசை ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றியதும் ஹாரன் தெருவே அதிர அலறியது. லைட்டும் எரிந்தது, வைப்பரும் ஓடியது. கச்சியப்பனின் வைத்தியத்தைப் பாராட்டித் திருமேனி டீ வாங்கிக் கொடுத்தார்.

மிச்சம் இருந்தது பிரேக் லைட். அதில்தான் சிக்கல். பிரேக் பெடல் முன்னால் இருக்கிறது, லைட் பின்னால் இருக்கிறது. திருமேனி பெடலை மிதித்தார், பின்னால் நின்ற சூசை “எரியுது” என்றார்.

“நீ சொன்னா எப்படி நம்புறது?” என்றார் திருமேனி.

சூசைக்குக் கோபம் வரவில்லை. “அதுவும் சரிதான். எம் பேச்ச நானே நம்புறதில்ல.”

எனவே திருமேனி பெடலை மிதித்துவிட்டுக் கீழே குதித்துப் பின்னால் ஓடினார். அணைந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டும் ஓடினார். அப்போதும் அணைந்தேதான் இருந்தது. மூச்சு வாங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நீங்க வர்றது அதுக்குத் தெரியுது அண்ணாச்சி,” என்றார் கச்சியப்பன். “பெடல் மேல ஒரு செங்கல்ல வச்சிட்டுப் பதறாம நடந்து போங்க.”

திருமேனி ஒத்துக்கொள்ளவில்லை. “அப்போ அமுக்குனது செங்கல்லுல்லா? சோதிக்கிறவன்தான் பாக்கணும்னு டீச்சர் சொல்லிருக்கு. செங்கல்லா வந்து பாக்கும்?”

கடைசியில் வழி கண்டுபிடித்தவரும் திருமேனிதான். ஆள் லைட்டிடம் போக முடியாவிட்டால் லைட் ஆளிடம் வரட்டும். பேட்டரியைக் கழற்றினார்கள், பின்னாலிருந்த இரண்டு பிரேக் லைட்டுகளையும் பிடுங்கினார்கள், ஒயரை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்குக்கு எதிரே முன்கண்ணாடியோரம் பதித்தார்கள், வேலை முடிந்ததும் பேட்டரியை மாட்டினார்கள். திருமேனி சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். முகத்துக்கு எதிரே இரண்டும் சிவப்பாக எரிந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் ஆய்வு மைதானத்தில் ஆய்வாளர் வண்டிக்குப் பின்னால் போய் நின்றார். “பிரேக் அடிப்பா.”

திருமேனி அடித்தார். “அடிச்சாச்சு சார்.”

“லைட் எரியலையே.”

“நல்லா எரியுது சார். அங்க நின்னா எப்படித் தெரியும்? முன்னாடி வாங்க.”

ஆய்வாளர் முன்னால் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பொறுமையாகவே சொன்னார், நல்ல மனிதர். “பின்னால வர்ற வண்டிக்காரனுக்குத் தெரியத்தாம்பா இந்த லைட்டு. சாயங்காலத்துக்குள்ள இது பின்பக்கம் இருக்கணும். இல்லன்னா தேறாது.”

மூவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசினார்கள். லைட்டைப் பழையபடி பின்னால் வைத்தால் மிதிக்கிறவன் கண்ணுக்குத் தெரியாது, டீச்சர் சொல் தவறிப்போகும். முன்னாலேயே வைத்தால் ஆய்வாளர் விடமாட்டார். திருமேனிக்குப் பஞ்சு மூட்டைகள் கண்முன் வந்து நின்றன.

“லைட்டு பின்பக்கம் இருக்கணும்னுதான சொன்னாரு?” என்று மெதுவாகக் கேட்டார் சூசை. “லைட்ட நகத்தணும்னு சொல்லலியே. வண்டி பின்னால போனா, முன்பக்கம் பின்பக்கம் ஆயிரும்லா?”

திருமேனி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் வேன் ரிவர்ஸிலேயே மைதானத்துக்குள் வந்தது. திருமேனி கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டினார். வேனின் மூக்கைப் பார்த்தபடி ஒரு ஆட்டோ தொடர்ந்து வந்தது. ஆய்வாளருக்கு முன்னால் திருமேனி பிரேக்கை மிதித்ததும், ஆட்டோக்காரர் முகத்துக்கு நேரே கண்ணாடிக்குள் சிவப்பு எரிந்தது. அதே சிவப்பைத் திருமேனியும் தலையைத் திருப்பித் தன் கண்ணாலேயே பார்த்தார்.

“இப்ப பின்பக்கம் இருக்கா சார்?”

ஆய்வாளர் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “அப்போ ஹெட்லைட்டு?”

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். அது இப்போது பின்னால் போயிருந்தது. “ஒரு நிமிஷம் சார், மாத்திருதோம்,” என்று திருமேனி ஸ்பேனரை எடுக்க, கச்சியப்பன் ஓடிப்போய் பேட்டரியைக் கழற்ற, சூசை வைப்பரைப் பிடுங்கத் தொடங்கினார். ஆய்வாளர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“இனிமே இந்த வண்டிய என் கண்ணுல காட்டாதீங்க,” என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கோலத்திலேயே ரிவர்ஸில் ஊர் திரும்பினார்கள். கடை வாசலில் காத்துக்கொண்டிருந்த அமலோற்பவம், வண்டியின் முதுகு தன்னை நோக்கி வருவதைப் பார்த்தபடி நின்றார்.

“எஃப்.சி. என்னாச்சு?”

“மத்தவங்களுக்கு ஒரு வருஷம்தான் குடுப்பாவ அக்கா,” என்றார் திருமேனி. “நமக்கு இனிமே இந்த வண்டியக் காட்டவே வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஆயுசுக்கும்.”

அமலோற்பவத்துக்கு முகம் மலர்ந்தது. ஆனாலும் விவரமான பெண்மணி, வண்டியை முன்னும் பின்னும் நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“அப்போ மத்த ரெண்டு வண்டியையும் நாளைக்கே இதே மாதிரி மாத்திருங்க. ஒண்ணு மட்டும் இப்படிப் பின்னால போனா, பாக்குறவங்க சிரிப்பாவ.”