உயிருள்ள நாக்கு

சேகண்டியில் ஒரே ஓர் அடி; பிறகு நெடுநேரம் அதன் ரீங்காரம். உச்சிவேளையில் அரண்மனைச் சமையற்கட்டிலிருந்து வரும் அந்த ஒலியைக் கேட்டபிறகுதான் ஊரில் இலை போடுவார்கள். அரசனுக்கு முன்னால் சோற்றை ருசிபார்த்த சடையாண்டி இன்றும் சாகவில்லை என்பது அதன் செய்தி.

முன்பு, எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், செங்கரை நாட்டை மலையமாறன் என்றோர் அரசன் ஆண்டான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. காலையில் இனித்தது மாலையில் கசக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் கையில்தான் எல்லோருடைய உயிரும் இருந்தது.

அந்த ஆண்டு அவனுக்குப் பிடித்தது லத்தீன். உரோமாபுரியிலிருந்து வந்து தமிழ் கற்றிருந்த பெர்னார்து பாதிரியார் நாள்தோறும் அவையில் ஒரு சொல்லை அவிழ்த்துக் காட்டுவார். சிந்திப்பதை அவர்கள் ‘கோகித்தாரே’ என்பார்களாம். சிதறி மேய்வதையெல்லாம் ஓட்டிவந்து ஒரு பட்டியில் சேர்ப்பது போன்றது அது. ‘இந்தெல்லிகெரே’ என்றால் பலவற்றுக்கு நடுவே பொறுக்கி எடுப்பது, அதுவே விளங்கிக்கொள்வது. ‘சாப்பேரே’ என்றால் முதலில் சுவைப்பது, பிறகு அறிவது. அவர்களுடைய ஞானி, நாவில் ருசி உள்ளவன்.

இந்தக் கடைசிச் சொல் வந்த நாள் பொல்லாத நாள். காய்ச்சலில் சடையாண்டியின் நாக்கு ருசியற்றுப் போனதும், வயிற்றுப்பாட்டுக்காக அவர் அதை மறைத்ததும் அன்று காலையில்தான் வெளிப்பட்டிருந்தன.

அவைப்புலவர் கார்மேகனார் எழுந்தார். அமைச்சர் நல்லண்ணர் எதைக் காக்க நினைப்பாரோ அதைக் கெடுப்பது புலவர் வழக்கம். சடையாண்டி அமைச்சரின் ஊர்க்காரர்.

“அரசே, ருசி போன நாக்கில் அறிவும் இல்லை என்று உரோமரே சொல்லிவிட்டார்கள். அறிவில்லாத உறுப்பு எதற்கு? அறுத்துவிடலாம்.”

அரசனுக்கு அது அழகாகப் பட்டது. சடையாண்டி வாயைப் பொத்திக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டார்.

நல்லண்ணர் வாதாடவில்லை. தண்டனைக்கு முன் அரசர் தம் கையாலேயே ரசம் வைத்து அவையோருக்கு ஊற்ற வேண்டும், இங்கே ஞானிகள் யார் யார் என்று பாதிரியாரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று மட்டும் கேட்டார். அரசனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுப்பு அவைக்கே வந்தது. புளி கரைத்தான், மிளகு போட்டான், காதில் விழுந்த பெயரையெல்லாம் போட்டான். பிறந்தது முதல் சமையற்கட்டை எட்டிப் பாராதவன். உப்பு என்று ஒன்றைத் தனியே போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அமைச்சர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

அரசன் கொடுத்ததில் குறை சொல்வது அந்த அவையில் வழக்கமில்லை. ஒருவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தார். ஒருவர் இன்னொரு கிண்ணம் கேட்டார். பாதிரியார் ஒரு மிடறு விழுங்கிவிட்டுத் தலைகுனிந்துகொண்டார். கார்மேகனார் நாக்கைச் சப்புக்கொட்டி, “உப்பு இம்மி கூடவுமில்லை, குறையவுமில்லை, அரசே” என்றார்.

“தாங்களும் கொஞ்சம் பருக வேண்டும்” என்றார் நல்லண்ணர்.

அரசன் பருகினான். துப்பினான்.

“காய்ச்சலில் செத்தது ஒரு நாக்கு, அரசே. அச்சத்தில் செத்தவை இத்தனை. அறுப்பதென்றால் புலவரிடமிருந்து தொடங்கலாம்” என்றார் நல்லண்ணர்.

அரசன் சிரித்தான். சடையாண்டிக்கு மன்னிப்புக் கிடைத்தது. மிச்சமிருந்த ரசத்தை அண்டாவோடு குடிக்கும்படி கார்மேகனாருக்குக் கட்டளை. அவர் குடித்தார், எல்லோரும் பார்த்தார்கள். கதையை இங்கேயே நிறுத்திவிட முடிந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும்.

“இந்த அவையில் உயிருள்ள நாக்கு உம்முடையது ஒன்றுதான்” என்றான் அரசன், தன் மோதிரத்தைக் கழற்றி நல்லண்ணருக்கு அணிவித்தபடி. “உரோமர் கணக்கில் நீர்தான் ஞானி. நாளை முதல் என் சோற்றை நீரே ருசிபாரும். அமைச்சர் வேலைக்கு நாக்கு எதற்கு? அதற்குக் கார்மேகனார் போதும்.”

பரிசு என்று எண்ணித்தான் கொடுத்தான். அதுதான் கொடுமை.

வெளியே வருகையில் நல்லண்ணர் பாதிரியாரிடம், “அந்தச் சொல்லை நாளைக்குச் சொல்லியிருக்கக் கூடாதா, சாமி?” என்று கேட்டார்.

அடுத்த மழைக்காலத்தில் காளான் குழம்பில் நஞ்சு இருந்தது. யார் கலந்தார்கள் என்பது தெரியவில்லை. நல்லண்ணர் ஒரு வாய் உண்டார், இது வேண்டாம் என்று சொன்னார், விளக்கு வைப்பதற்குள் இறந்துபோனார். அரசன் அன்று மோர்ச்சோறு சாப்பிட்டான்.