ஊசிக்குக் குளிருது

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சிரிப்புக் கதையைத் தூர இருந்து கேட்டால், மத்தவங்க சிரிச்சு முடிச்ச பிறகுதான் நமக்கு வந்து சேரும்.

மலையடிவாரத்தில் கரட்டுப்பட்டி என்று ஒரு ஊர். அங்கே சடையாண்டி, வெள்ளையன், மொக்கையன் என்று அண்ணன் தம்பி மூணு பேர். மூத்தவன் சடையாண்டி யோசிக்காமல் பேசமாட்டான். யோசித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நடுவுள்ள வெள்ளையன், எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்தபோது யாரோ கொடுத்த ஊசியில் ஸ்வெட்டர் பின்னக் கத்துக்கொண்டவன். கடைசி மொக்கையன்தான் அந்த வீட்டுக்குப் புத்திசாலி. எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று பார்த்துப் போடுகிறவன் அவன் ஒருத்தன்தான்.

இவங்களுடைய ஒரே தங்கச்சி தவசியம்மாளை மலைமேல் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்தணும்? தவசி ஆள்விட்டுச் சொன்னாள்.

"அண்ணே, பிள்ளை குளிர்ல நடுங்குறான். ஸ்வெட்டரோட வர்ற மாமன் மடியிலதான் காதுகுத்து. வெறுங்கையோட வந்தீங்க, எங்க வீட்டுக்காரரோட பங்காளி ஒருத்தர் மடியை விரிச்சுக்கிட்டுத் தயாரா இருக்காரு, பாத்துக்கங்க."

மூணு பேருக்கும் சோறு இறங்கவில்லை. காதுகுத்துக்கு நாலு நாள் இருக்கும்போதே பஸ் ஏறிவிட்டார்கள்.

மலையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எஸ்தரம்மாவின் உல்லன் கடை. ஒரு பிள்ளை ஸ்வெட்டருக்குப் போதுமான நூலை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த அம்மா ஊசிகளைப் பரப்பினாள். ஸ்டீல், மூங்கில், பிளாஸ்டிக். அப்புறம் ரெண்டு ஊசியை ஒரு ஒயரால் இணைத்த வட்ட ஊசி.

"கையில பிடிச்சுப் பாத்து எடுங்கண்ணே."

சடையாண்டி வட்ட ஊசியைத் தூக்கினான். "இது ரெண்டையும் எதுக்கும்மா கட்டிப் போட்டிருக்கு?"

"குழாய் மாதிரி சுத்திப் பின்றதுக்கு."

"ஓடிப்போற ஊசிடா. வேணாம்" என்று தம்பிகள் காதில் சொன்னான்.

வெள்ளையன் பிளாஸ்டிக் ஊசியை வளைத்தான். வளைந்தது. "யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்கும்போல. நம்ப முடியாது."

மூங்கில் ஊசியைக் கடித்துப் பார்த்தான் சடையாண்டி. "கெட்டிதான். பாதிப் பின்னல்ல மழை பேஞ்சு துளுத்துருச்சுன்னா?"

மொக்கையன் ஸ்டீல் ஊசியைக் கன்னத்தில் வைத்தான். "அண்ணே, ஜில்லுன்னு இருக்கு. இதுல பின்னுனா ஸ்வெட்டரும் ஜில்லுன்னுதானே வரும்?"

"அதெப்படிண்ணே வரும்? பின்னி முடிச்சதும் ஊசியை உருவிருவோம்ல?" என்றாள் எஸ்தரம்மா.

சடையாண்டி நெடுநேரம் யோசித்தான். "கடைசியில உருவுறதை எதுக்கும்மா முதல்ல வாங்கணும்?"

எஸ்தரம்மாவுக்குத் தலை சுத்தியது. "ஸ்டீலையே எடுத்துட்டுப் போங்க. உடையாது. ஊசி குளிர்ந்தா விரல் விறைச்சுப் போகும். குளிராமப் பாத்துக்கங்க, அவ்வளவுதான்."

ஊசி குளிராமல் பார்த்துக்கணும். மூணு பேரும் அதை மனப்பாடம் செய்துகொண்டு, தெரிந்தவர் வீட்டில் போய்த் தங்கினார்கள்.

முதல் நாள், முறை வைத்து ஊசியை அக்குளில் இடுக்கினார்கள். சடையாண்டி தும்மினான். ஊசி விலாவில் ஏறியது.

ரெண்டாம் நாள், சூடான டீயில் ஊசியை முக்கி வைத்தார்கள். டீ ஆறியது. ஊசியும் ஆறியது.

மூணாம் நாள் காலையில், அடுப்பில் வைத்தார்கள். வெள்ளையன் எடுத்தான். அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் ரெண்டு தெரு தள்ளிக் குடிபோய்விட்டது.

"விடிஞ்சாக் காதுகுத்து, இன்னும் ஒரு வரிசைகூடப் பின்னலை" என்று கண்ணைத் துடைத்தான் சடையாண்டி. "மடி போச்சுடா."

"அழாதண்ணே" என்றான் மொக்கையன். "குளிர்ற மனுசனுக்கு என்ன செய்வோம்?"

"ஸ்வெட்டர் போடுவோம்."

"ஊசிக்கும் போட்டுட்டாப் போச்சு."

"அட, ஆமா! ஆனா எதை வச்சுப் பின்றது?"

"இன்னொரு ஊசி வாங்கி."

மூங்கில் ஊசி கேட்டு வந்தவர்களை எஸ்தரம்மா ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்ணே, ஸ்டீலு சரியில்லையா?"

"தங்கமான ஊசிம்மா. அதுக்குத்தான் ஸ்வெட்டர்."

அந்த அம்மா மூங்கில் ஊசியை எடுத்து நீட்டினாள்.

சுட்ட கையில் துணியைச் சுத்திக்கொண்டு வெள்ளையன் பின்னினான். ஒரு சட்டை போட்டும் ஊசி ஜில்லென்றுதான் இருந்தது. மேலே இன்னொன்று. அதுக்கும் மேலே இன்னொன்று. ரெண்டு ஊசிக்கும் ஏழேழு சட்டை ஏறியபோது நூல் தீர்ந்தது.

மறுநாள் தவசி வீட்டில் அந்தப் பங்காளி, மடிமேல் புதுத் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"ஸ்வெட்டர் எங்கண்ணே?"

வெள்ளையன் ரெண்டு கொழுத்த கம்பளிக் குச்சிகளை நீட்டினான். "பதினாலு இருக்கு தாயி."

"எம்பிள்ளைக்கு எங்க?"

மூணு பேருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஸ்வெட்டரோட வரச் சொன்ன, வந்துட்டோமே" என்று முனகினான் சடையாண்டி.

அழ வாயைத் திறந்த தவசிக்குச் சிரிப்புதான் வந்தது. பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் மூணு பேரும், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு வார்த்தை விவாதிக்காமல், தாங்கள் போர்த்தியிருந்த துப்பட்டிகளை உருவிப் பிள்ளையைச் சுத்தினார்கள். சூடு கண்ட பிள்ளை மொக்கையனிடம் தாவினான். பங்காளி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மொக்கையன் சம்மணம் போட்டு மருமகனை மடியில் இருத்தினான். ஆசாரி காது குத்தும் ஊசியோடு குனிந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க ஆசாரியாரே." மொக்கையன் அந்த ஊசியை வாங்கித் தொட்டுப் பார்த்தான். ஜில்லென்று இருந்தது. ஸ்டீல் ஊசியிலிருந்து ஒரு சட்டையைக் கழட்டினான், ஆசாரி ஊசிக்கு மாட்டினான், முனை வெளியே தெரியாமல் நல்லா இழுத்துவிட்டு, வாயை முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"ம், இப்பக் குத்துங்க."