உப்பில்லாத குழம்பு

"என் ஆளுங்க கைதான் வேலை செய்யுது சாமி. மனசு எங்கேயோ கிடக்கு," என்றார் சடையப்பர்.

மடத்துத் தலைவரான சாமி இலையின் முன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயதில் சடையப்பரை விடச் சின்னவர். ஆனாலும் அவரிடம்தான் சடையப்பர் தீட்சை வாங்கியது.

மடத்துச் சமையல் முழுக்கச் சடையப்பர் பொறுப்பு. அவர் அடுப்படிக்குள் நுழைந்தால் கரண்டி கூடச் சத்தம் போடாது. வீட்டுக் கதையை வாசலோடு விட்டுவிட்டு வர வேண்டும். லீவு என்ற பேச்சே கூடாது. இந்தச் சட்டத்தில் மனிதருக்கு ஏகப் பெருமை.

"இன்னைக்குக் குழம்புல உப்பே இல்லை. படையல் ஆகாம யாரும் ருசி பார்க்கக் கூடாது, சரி. ஆனா உலகநாதன் உப்புப் போடாததைப் பக்கத்துல நின்னவங்க எல்லாரும் பார்த்திருக்காங்க. ஒருத்தனும் வாயைத் திறக்கலை. கேட்டா, 'அது எங்க வேலை இல்லைங்களே'ங்கிறாங்க."

சாமி குழம்பை ஊற்றிப் பிசைந்தார்.

"உலகநாதனை வேலையை விட்டு நிறுத்திடறேன். உங்க உத்தரவு வேணும்."

"அவர் பொண்ணு விடியக்காலையில செத்துப்போச்சு," என்றார் சாமி.

சடையப்பருக்கு முதலில் துக்கம் வரவில்லை. என்ன செய்வது, அதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

"ஐயோ, தீட்டு! தீட்டோட அடுப்புல நின்னிருக்கானே! சாமி, இலையை விட்டு எழுந்திருங்க!"

சாமி எழுந்திருக்கவில்லை. இலையில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டார். கண்ணீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சடையப்பர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குழந்தையை அவர் பார்த்ததே இல்லை. பெயர் கூடத் தெரியாது.

"இத்தனை வருஷம் என்கூட நிக்கிறான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பரிமாற வந்தார். முகம் சரியில்லை. என்னப்பான்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சடையப்பருக்குக் கோபம் வந்தது.

"கேட்டவுடனே வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டாமா நீங்க?"

"போங்கன்னுதான் சொன்னேன். நீங்க சொல்லாமப் போக மாட்டாராம். குழந்தையை எடுக்க அங்கே அப்பனுக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க."

சடையப்பர் ஓடினார்.

உலகநாதன் அண்டாவுக்குள் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தான். சடையப்பரைக் கண்டதும் மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

"உலகநாதா, வீட்டுக்குப் போப்பா. பாப்பாவை..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. வாய்விட்டு அழுதார்.

உலகநாதன் நிமிரவில்லை. அவன் கை இன்னும் வேகமாகத் தேய்த்தது.

"கோவிச்சுக்காதீங்கய்யா. இந்த அண்டாவைக் கழுவிக் கவுத்துட்டுப் போயிடறேன்."